லேசர் அறையில் ஒரு சிட்டிகை விபூதி

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் பாசாருக்குப் பின்னால், தேங்காய்ப்பாலில் ஐஸ் துருவிப் போட்டுத் தரும் செண்டோல் கடையில் வைத்து என் பள்ளித் தோழியிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். அவள் அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஆறுதலாகத் தலையை ஆட்டிக்கொண்டே, மனதுக்குள் 'அடடா, இது கதையாயிற்றே' என்று பரபரத்துக்கொண்டிருந்தேன். கதை எழுதுகிறவளைத் தோழியாக வைத்துக்கொள்வதில் இந்த ஆபத்து உண்டு.

தோழி பாயான் லெப்பாஸில் கைப்பேசித் திரை செய்யும் தொழிற்சாலையில் பொறியாளர். "எழுதிக்க, ஆனா பேர மாத்திடு" என்றாள். என்ன பெயர் வேண்டும் என்று கேட்டேன். "கீர்த்திகா" என்றாள். நாற்பதைத் தாண்டியவளுக்குக் கீர்த்திகாவா? ரூபினி என்று வைத்துவிட்டேன். இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். தொழிற்சாலையைப் பொறுத்தவரை, நானே ஒரு கட்டடம் கட்டிக்கொண்டேன். தேடிப் போகாதீர்கள்.

நான் ஜார்ஜ் டவுனில் ஒரு பல் மருத்துவரின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அவ்வப்போது கதை எழுதுவேன். (பல்வலியோடு வருகிறவர்கள் அதிகம் பேசமாட்டார்கள். எழுதுகிறவளுக்கு வசதியான வேலை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

(விடியற்காலை. பினாங்கு மலையின் மேல் வெண்பனி. தொழிற்சாலைப் பேருந்து உறுமிக்கொண்டு —)

வேண்டாம். இந்த ஊரில் எல்லாக் கதையும் அந்தப் பேருந்தில்தான் ஏறுகிறது. அடுத்து இப்படி:

(கரிமப் பொருள்கள் தாமாக ஒளிரும் திரைகளின் உற்பத்தியில், லேசர்வழிப் பொருள் பெயர்ப்பு என்பது யாதெனில் —)

நீங்கள் பக்கத்தைப் புரட்டிய சத்தம் எனக்கே கேட்டது. அதனால் ரூபினியையே சொல்ல விட்டுவிடுகிறேன். எனக்குப் புரிய வைத்ததும் அவள்தான்.

"சின்ன வயசுல சுவிங்கம் வாங்குனா உள்ள ஒரு ஸ்டிக்கர் இருக்குமே, ஞாபகம் இருக்கா? கையில வச்சு, தண்ணி தடவி, மெதுவா உரிச்சா படம் கையில ஒட்டிக்கும். அதேதான் லா. தண்ணிக்குப் பதிலா லேசர். கைக்குப் பதிலா கண்ணாடி." ('லா' எங்கள் ஊர்ப் பேச்சின் வால், அர்த்தம் தேடாதீர்கள்.)

ஒரு மெல்லிய படலம். அதன் ஒரு பக்கத்தில் ஒளிரும் பொருளைப் பூசியிருப்பார்கள். பூச்சுப் பக்கம் கண்ணாடியைப் பார்க்கும்படி படலத்தைக் கவிழ்த்து, பின்புறத்திலிருந்து லேசரை ஓட்டுவார்கள். சூடு பட்ட இடத்தில் மட்டும் பொருள் படலத்தை விட்டுக் கண்ணாடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு படலத்தை உரித்து எறிய வேண்டியதுதான். சிவப்புக்கு ஒரு தடவை, பச்சைக்கு ஒரு தடவை, நீலத்துக்கு ஒரு தடவை. இப்படிப் பெயர்த்து வைத்த கோடிப் புள்ளிகளைத்தான் நாம் கட்டிலில் படுத்துக்கொண்டு கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருக்கிறோம்.

"நடுவுல தூசி வந்தா?" என்று கேட்டேன்.

"தூசி இருக்கிற எடத்துல படலம் கண்ணாடியத் தொடாது. தொடலன்னா ஒட்டாது. ஒட்டலன்னா அந்தப் புள்ளி எரியாது, கறுப்பா நிக்கும். உன் கதையில ஒரு எழுத்து விழுந்தா எவன் பாக்குறான்? இங்க ஒரு புள்ளி விழுந்தா கஸ்டமர் பெட்டியோட திருப்பி அனுப்பிடுவான்."

என் கதையில் எழுத்து விழுந்தால் பார்ப்பதற்கு ஒருவர் இருக்கிறார்.*

* பத்திரிகை ஆசிரியர் திருநாவுக்கரசு. எழுத்துப்பிழையை மன்னித்துவிடுவார், முடிவில்லாத கதையை மன்னிக்க மாட்டார். "வாசகர் போன் பண்ணித் திட்டுறாங்கம்மா, உங்களுக்கென்ன" என்பார். இவர் இந்தக் கதையில் மறுபடியும் தலைகாட்டுவார்.

3

இப்போது குணவதி. கதையே இவரைச் சுற்றித்தான். ஆனால் எழுதத் தொடங்கியபோது நான் அவரைப் பார்த்ததே இல்லை. அதனால் கையிருப்பில் உள்ளதை எடுத்து எழுதினேன்:

(குணவதி ஐம்பதைத் தாண்டியவள். அதிகம் பேசமாட்டாள். வாழ்க்கை வரைந்த கோடுகள் ஓடிய அந்த முகத்தில் —)

ரூபினி படித்துவிட்டுச் சிரித்தாள். "கோடும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வாயத் திறந்தா மூடமாட்டாங்க. வருஷா வருஷம் லங்காவிக்கு ஒரு வேன் நிறைய ஆள் சேத்துக்கிட்டுப் போறாங்க, தெரியுமா?"

சரி, திருத்திக்கொள்கிறேன். குணவதி, லேசர் இயந்திரத்தை இயக்குபவர். வீடு கடலுக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாஸில். தினமும் தொழிற்சாலைப் பேருந்தில் பாலம் தாண்டி வருகிறார். (பாருங்கள், பேருந்து எப்படியோ உள்ளே வந்துவிட்டது.) ஒப்பந்த வேலை. நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த லேசர் அறை தூசி புகாத அறை. தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகமூடி, கையுறை. கண்கள் மட்டும்தான் தெரியும். பவுடர் கூடாது, கண்மை கூடாது, விபூதி குங்குமம் கூடவே கூடாது. ரூபினியின் வீடு யாழ்ப்பாணத்து வழி வந்த சைவ வீடு, நெற்றியில் நீறில்லாமல் காலைக் காப்பி கிடையாது. பூசிக்கொண்டு கிளம்புவாள். தொழிற்சாலை வந்ததும் காரின் கண்ணாடியைச் சாய்த்து ஈரத்தாளால் துடைத்துவிட்டு இறங்குவாள். பக்கத்துக் கார்களிலும் இதேதான் நடக்கிறது. யாரும் யாரையும் பார்த்துக்கொள்வதில்லை.

போன ஆயுத பூசை சமயத்தில் அந்த இயந்திரம் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. படலத்தை உரிக்கும்போது புள்ளிகளின் ஓரம் பிய்ந்து பிய்ந்து வந்தது. சூட்டைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், வெளிநாட்டிலிருந்து ஒருவன் வந்து பார்த்துவிட்டு நாசி கண்டார் சாப்பிட்டு வயிறு கெட்டுத் திரும்பிப் போனான். எதுவும் சரிப்படவில்லை. குணவதி தன் வீட்டில் மோட்டார் சைக்கிளுக்குச் சந்தனம் வைத்தார், மாவரைக்கும் கிரைண்டருக்குக் குங்குமம் வைத்தார். சோறு போடுகிற இயந்திரத்துக்கு மட்டும் ஒன்றும் வைக்கவில்லையே என்று அவருக்கு மனம் உறுத்தியிருக்கிறது.

அதற்காக அவர் உள்ளே போய்க் கண்டபடி விபூதியைப் பூசிவிடவில்லை. (இந்த விவரமெல்லாம் பிறகு அவரே சொன்னது.) அங்கேதான் எனக்கு அவர் மேல் மரியாதை வருகிறது. ஒரு சிட்டிகை விபூதியை, சூடு தாங்கும் மஞ்சள் டேப் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வைத்து ஒட்டினார். வெளிப்புறத்தை விதிப்படி ஆல்கஹால் துணியால் மூன்று தடவை துடைத்தார். கையுறைக்குள் வைத்து எடுத்துப் போய், இயந்திரத்தின் கதவுக்கு உட்பக்கம், யார் கண்ணும் படாத மேல் மூலையில் ஒட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார். விபூதியையே ஆல்கஹால் போட்டுத் துடைத்த பக்தர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

4

இந்தப் பகுதியை எழுதலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். ஏன் என்பது பிறகு தெரியும்.

அடுத்த வாரமே ரூபினி அந்த டேப்பைப் பார்த்துவிட்டாள். கண்ணாடி மாட்டும் தட்டைச் சோதிக்கக் குனிந்தவள், நிமிரும்போது கண்ணில் பட்டது. மஞ்சள் டேப், உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. என்னவென்று அவளுக்கு ஒரு விநாடியில் விளங்கிவிட்டது. வைத்தது யார் என்றும் விளங்கிவிட்டது. பிய்த்து எறிந்திருக்க வேண்டும். விதி அதுதான், அவள் பொறுப்பும் அதுதான்.

ஆனால் டேப் ஒட்டிய நாளிலிருந்து இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"தற்செயல்னு தெரியும்" என்றாள் ரூபினி. "புதுப் படலம் வந்த நேரமும் அதான். நான் படிச்சவ லா. ஆனா அதப் பிய்க்க கை போகல. நல்லாத்தான ஒட்டியிருக்கு, ஒண்ணும் வெளிய வராதுன்னு விட்டுட்டேன்." குணவதியிடமும் அதைப்பற்றி அவள் மூச்சு விடவில்லை.

சில வாரங்கள் கழித்துக் கறுப்புப் புள்ளிகள் வரத் தொடங்கின. திரையின் ஒரே மூலையில், திரும்பத் திரும்ப. இயந்திரத்துக்குள் இருக்கும் சூட்டில் டேப்பின் பசை இளகியிருந்தது. அந்த அறையில் காற்று மேலிருந்து கீழே இறங்கும்படி வைத்திருப்பார்கள். விபூதியும் அதோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய மாதிரித் திரைகள் மொத்தமும் வீண். தூசியைச் சோதித்தவர்கள் கால்சியம் என்றார்கள், பொட்டாசியம் என்றார்கள். இரண்டும் சாம்பலில் இருப்பவை. ரூபினி அன்று மதியமே யாருக்கும் தெரியாமல் டேப்பைப் பிய்த்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மேலாளர் ஷேக் அலாவுதீன் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்கும் மேலே ஒரு முதலாளி இருக்கிறாரே. கால்சியம் என்றால் சுண்ணாம்பு, சுண்ணாம்பு என்றால் சுவர்த் தூசி, சுவர்த் தூசி என்றால் உடை மாற்றும் அறையைச் சரியாகத் துடைக்கவில்லை என்று கணக்குப் போட்டுவிட்டார். அந்த அறையைத் துடைப்பவர் ஹபீபா பீவி. "வேற காரணம் இருந்தா திங்கக்கிழமை காலை மீட்டிங்ல சொல்லுங்க. இல்லன்னா கிளீனர மாத்திடுறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அந்த வார இறுதியில்தான் செண்டோல் கடை. "நீ கதை எழுதுறவதானே, எப்படி முடிப்ப, சொல்லு" என்று ரூபினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளையாக மேலாளருக்கு அவசரமாகக் கோலாலம்பூர் போக வேண்டியிருந்தது. திங்கட்கிழமைக் கூட்டம் அடுத்த திங்களுக்குத் தள்ளிப்போனது. எனக்கு எழுத ஒரு வாரம் கிடைத்தது.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றையும் ரூபினிக்கு வாசித்துக் காட்டினேன்.

முதல் முடிவில் அவள் உண்மையைச் சொல்கிறாள்: குணவதிதான் ஒட்டினார். ஹபீபா பீவி தப்பிக்கிறார், குணவதிக்கு வேலை போகிறது. "ச்சீ" என்றாள் ரூபினி.

இரண்டாவதில் அவள் வாயைத் திறப்பதில்லை. டேப்தான் போய்விட்டதே, புள்ளிகளும் போய்விடும். ஹபீபா பீவி வேறு இடத்தில் துடைக்கப் போகிறார். ரூபினி குழல் அப்பத்தைக் கடித்தாள். கடித்த வேகத்திலிருந்து, அவள் வீட்டில் இந்த முடிவை ஏற்கெனவே எழுதிப் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தது.

மூன்றாவதில் அவள் எழுந்து நின்று, "நான் பார்த்தேன். பார்த்தும் விட்டுவிட்டேன். என் பொறுப்பு" என்கிறாள். நல்ல முடிவு, ஆசிரியர் திருநாவுக்கரசுகூட அழுவார்.

"உனக்கென்ன லா" என்றாள் ரூபினி. "எழுதிட்டுப் போய் பல்லு டாக்டர் கடையில உக்காந்துக்குவ. புது லைனுக்கு என்னைத்தான் ஹெட்டா போடுறதா இருக்காங்க. பதினேழு வருஷம் இதுக்குத்தான் காத்திருந்தேன்."

அவள் சொன்னது சரி. எனக்கு வெட்கமாக இருந்தது. பேனா என் கையில், வேலை அவள் கையில்.

6

வியாழக்கிழமை ரூபினியிடமிருந்து அழைப்பு. "குணவதி அக்கா என்கிட்ட தனியா பேசணும்ங்கிறாங்க. நீயும் வா. என்னால தனியா முடியாது."

அதே செண்டோல் கடை. வேலை முடிந்து ரூபினியின் காரில் வந்து இறங்கினார் குணவதி. சிவப்புச் சட்டை, பெரிய கைப்பை, நான் கற்பனை செய்ததற்கு இரண்டு மடங்கு உயரம். என்னைப் பார்த்ததும் ரூபினியை மறந்துவிட்டார்.

"நீங்க ஞாயித்துக்கிழமை பேப்பர்ல கதை எழுதுறவங்கதானே? போட்டோவுல இளைச்சு இருக்கீங்க. வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமை பேப்பர விடமாட்டாரு, நான் திங்கக்கிழமை பஸ்லதான் படிப்பேன். எல்லாம் நல்லாத்தான் எழுதுறீங்க, ஆனா முடிவே வைக்க மாட்டீங்களே, ஏன்? பாலம் தாண்டுறதுக்குள்ள கதை முடிஞ்சி போவுது, மிச்ச தூரம் நான் யோசிச்சிக்கிட்டே வரணுமா?"

நான் அசடு வழிந்தேன். அவர் ரூபினி பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலே பேசினார்.

"மிஸ், என்னைத் திட்டிடுங்க. அந்தத் தூசி என்னுதுதான். கதவுக்குள்ள விபூதி வச்சு ஒட்டியிருந்தேன். இப்பப் போய்ப் பாத்தா டேப்பக் காணோம், அதுவே விழுந்து எங்கயோ போயிருக்கு. நல்லா ஒட்டுனேன்னுதான் நினைச்சேன். திங்கக்கிழமை மீட்டிங்ல நானே எந்திரிச்சி சொல்லிடுறேன். ஹபீபாக்கா மேல பழி விழுந்தா என் தொண்டையில சோறு எறங்குமா? என்கூட கேண்டீன்ல ஒண்ணா உக்காந்து சாப்பிடுறவங்க."

"வேலை?" என்றேன் நான்.

"போனா சூசாதான், கஷ்டந்தான். மகன் இன்னும் படிக்கிறான். ஆனா பண்ணுனது நான்தானே. உங்ககிட்ட ஏன் முன்னாடியே சொல்றேன்னா மிஸ், உங்க லைன்ல நடந்துருக்கு, உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, திடீர்னு நான் எந்திரிச்சா நீங்க பதறிடுவீங்க. யாருக்கும் தெரியாம நான் மட்டும் பண்ணுனதுன்னு தெளிவா சொல்லிடுறேன். உங்க பேரு வராது."

நான் ரூபினியைப் பார்த்தேன். இப்போது சொல்வாள், இதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"செண்டோல் உருகுது, சாப்பிடுங்கக்கா" என்றாள் ரூபினி.

குணவதி சாப்பிட்டார். லங்காவியில் எந்தக் கடையில் சாக்லெட் மலிவு என்று எனக்கு விளக்கினார். நான் தலையை ஆட்டினேன். என்ன கடை என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பியதும் நான் ரூபினியிடம் கத்திவிட்டேன். "வாய் வரைக்கும் வந்துச்சு" என்றாள். "அவங்க என்னைக் காப்பாத்துறேன்னு சொன்னாங்க பாரு, அங்கயே நின்னு போச்சு." ரோட்டோரத்தில் நின்று அழுதாள். எனக்குக் கோபம் தீரவில்லை. பாவமாகவும் இருந்தது. நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

7

பெயரை மாற்றினால் போதும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் லேசர் இயந்திரத்தின் கதவுக்குள் விபூதி ஒட்டியவர் பினாங்கில் எத்தனை பேர் இருப்பார்கள்? இந்தக் கதை ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தால், திங்கட்கிழமை காலை பேருந்தில் குணவதி படிப்பார். நாலாம் பகுதிக்கு வரும்போது, ரூபினி பார்த்தாள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். கூட்டம் அதற்குப் பிறகுதான். (ஷேக் அலாவுதீன் தமிழ் பேசுவாரே தவிர வாசிக்க மாட்டாராம். பார்ப்போம்.)

நாலாம் பகுதியை எடுத்துவிட்டால் யாருக்கும் சேதமில்லை. பக்தியால் ஒரு தவறு செய்து, நேர்மையாக ஒப்புக்கொண்ட பெண்மணியின் கதை. நீங்களும் 'பாவம்' என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தோசைக்குப் போகலாம். முடிவும் இருக்கும், ஆசிரியருக்கும் சந்தோஷம். சத்தியமாக எனக்கு அந்த ஆசை வந்தது.

முழுக்கதையையும் ரூபினிக்கு அனுப்பினேன். நாலாவதை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுகிறேன், வெள்ளிக்கிழமை மதியம் ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும், அதற்குள் சொல் என்றேன். அவள் கதை, அவள் வேலை. அவளைக் கேட்காமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முழுவதும் பதில் இல்லை. ஆசிரியர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். "முடிவு இருக்குதானேம்மா?" "இருக்கு சார்." பொய்.

மதியம் ஒருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ரூபினி அழைத்தாள்.

"நாலாவதுல ஒண்ணு விட்டுட்ட."

"என்ன?"

"நான் உன்கிட்ட சொல்லல, அதான் நீ எழுதல. நல்லா ஒட்டியிருந்துச்சுன்னு சொன்னேன்ல? இல்ல. ஒரு மூலை லேசா தூக்கிக்கிட்டு இருந்துச்சு. நான் பாத்தேன். கட்டைவிரல வச்சு அழுத்திட்டு, கதவ மூடிட்டு வந்துட்டேன்."

உள்ளே யாரோ 'ஆ' என்றார்கள்.

"அதையும் எழுது" என்றாள் ரூபினி.

"அப்ப நாலாவது இருக்கட்டுமா?"

"எழுதுன்னு சொல்றேன்ல." வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை எழுந்து நின்று சொல்வாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். திரும்ப அழைக்கக் கைப்பேசியை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். நாலாம் பகுதிக்குப் போய் அந்தக் கட்டைவிரலை அங்கே சேர்க்கவும் இல்லை. அவள் எப்போது சொன்னாளோ அப்போது வந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ஆசிரியரே, மன்னிக்க வேண்டும், முடிவு இல்லை. வாசகர்களே, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடமும் இந்த முறை கேட்கப் போவதில்லை. இந்தக் கதையின் முடிவு ஒரே ஒருவருக்கு எழுதியது, அவர் இப்போது அக்கரையிலிருந்து வந்துகொண்டிருப்பார்.

குணவதி அக்கா, பாலம் தாண்டிவிட்டீர்களா? இந்தத் தடவை மிச்ச தூரத்துக்கு யோசிக்க நிறையவே வைத்திருக்கிறேன், திட்டாதீர்கள். கூட்டம் தொடங்கியதும் சட்டென்று எழுந்துவிட வேண்டாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். உங்களுக்கு முன்னால் யாராவது எழுந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.